சம்பந்தியம்மா – சிடுசிடு குறைப்பு

"பத்திரப்படுத்திக்கோன்னு சொல்றான். எங்க பத்திரப்படுத்தறதுன்னு ஒரு வார்த்தை சொல்றானா பாரு" என்று கணினித் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார் ஃப்ளாஷ்.

ஃப்ளாஷ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வீட்டின் முன்னறையில் போட்டோ ஸ்டூடியோ நடத்துவதால் பாதி ஒட்டிக்கொண்டது. எதையும் யோசிப்பதற்கு முன்னாலேயே செய்து முடித்துவிடுவார் என்பதால் மீதியும் ஒட்டிக்கொண்டது.

படங்களைச் சரிசெய்யும் மென்பொருள் அன்று காலையிலிருந்தே திரையின் மூலையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. 'புதிய பதிப்பு நிறுவப்பட உள்ளது. நீங்கள் உருவாக்கிய ப்ரீசெட்டுகள் அழியக்கூடும். முன்கூட்டியே பத்திரப்படுத்திக்கொள்ளவும்.' இந்த மென்பொருள்காரர்களுக்கு இது ஒரு வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி, புதுசு புதுசு என்று நாலு பொத்தானை இடம் மாற்றி வைத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

ப்ரீசெட் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒருவருடைய படத்தில் வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவு, முகத்துச் சுருக்கத்தின் நிழல் இவ்வளவு என்று ஒருமுறை மெனக்கெட்டுச் சரிசெய்து, அந்த அளவுகளுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுவது. அடுத்த படத்தில் அதே முகம் வந்தால் அந்தப் பெயரை ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஃப்ளாஷ் பதினொரு வருடங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு ப்ரீசெட்டுகள் செய்து வைத்திருந்தார். நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு புதிய பதிப்பு வந்து நாற்பதை விழுங்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அந்தச் சாம்பல் பெட்டியைக் கண்டாலே கத்த ஆரம்பித்துவிடுவார்.

"நெட்ல போட்டு வைங்களேன்" என்றாள் மனைவி. அவள் எதிர் மேஜையில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். "எப்ப வேணா எடுத்துக்கலாம்ல."

"அதான் போடறேன்." சொல்லி முடிப்பதற்குள் மொத்த ப்ரீசெட்டுகளையும் வாரி, திரையில் ஏற்கெனவே திறந்திருந்த ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டாயிற்று. மேகமோ வானமோ, ஏதோ ஒன்றில் ஏறி முடிந்தது என்று பச்சை நிறத்தில் ஒரு அடையாளம் வந்தது. ஃப்ளாஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஒரு டீ போடேன்" என்றார்.

டீயோடு வந்தது தங்கை. பல் மருத்துவமனையில் வேலை செய்பவள், அன்று விடுமுறை. தம்ளரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தவள், அப்படியே நின்றாள்.

"அண்ணா, இது அவங்க வீட்டு ஃபோல்டர் இல்ல?"

"எவங்க வீட்டு?"

"அவங்க வீட்டுதான்."

கல்யாணம் நிச்சயமான பெண் 'அவங்க வீடு' என்றால் உலகத்தில் ஒரே வீடுதான். மூன்று வாரங்களுக்கு முன்னால் அவளுக்கு நிச்சயம் ஆனது. அன்றைக்குப் படம் எடுத்தவர் அண்ணனேதான். சரிசெய்யச் சரிசெய்ய அந்தப் படங்களை ஒரு ஃபோல்டரில் ஏற்றி, அதற்கான லிங்க்கை மாப்பிள்ளை வீட்டு மெயிலுக்கு அன்றே அனுப்பியும் வைத்திருந்தார். காலையில் கடைசிப் படத்தை ஏற்றிய பிறகு அந்த ஃபோல்டரை அவர் மூடவில்லை.

"அதனால என்ன, அவங்களுக்கு அதைத் திறக்கவே தெரியாது" என்றார் ஃப்ளாஷ்.

"திறக்க வேணாம்ணா. பேர் மட்டும் தெரிஞ்சா போதாதா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஃப்ளாஷ் தன் ப்ரீசெட்டுகளுக்கு எண் கொடுப்பதில்லை. மனைவி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள், ஒன்று இரண்டு என்று போடுங்கள் என்று. "ஒண்ணு ரெண்டுன்னு போட்டா எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்பது அவர் கட்சி. ஆகவே முகத்தில் என்ன குறையோ அதையே பெயராக வைத்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டுப் படங்களுக்காக மட்டும் பதினாறு செய்திருந்தார். 'மாப்பிள்ளை – தூங்குமூஞ்சி தெளிய.' 'மாப்பிள்ளை அக்கா – பவுடர் மூட்டை.' 'பெரியப்பா – வழுக்கை வெளிச்சம் 80.' எல்லாவற்றுக்கும் மேலே, நட்சத்திரக் குறி போட்டு, 'சம்பந்தியம்மா – சிடுசிடு குறைப்பு.' அதற்குக் கீழேயே, 'சம்பந்தியம்மா – சிடுசிடு குறைப்பு (போதலை).'

தங்கை சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அம்மா அப்பா போன பிறகு இந்த அண்ணன் அண்ணிதான் எல்லாம். வந்த இடங்களை எல்லாம் அவளே வேண்டாம் என்று தள்ளிக்கொண்டு வந்தாள். இந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த அன்று மட்டும் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே மெதுவாக ஏதோ பாடினாள். அதைக் கேட்டுக் கூடத்தில் அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அண்ணா, இது மட்டும் கெட்டுப் போச்சுன்னா..." என்றாள் தங்கை.

"ஒண்ணும் கெடாது. இப்ப பாரு" என்று ஃப்ளாஷ் முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஒரே பிடியாகப் பிடித்து அழித்தார். 'எல்லோருக்கும் சேர்த்து அழிக்கவா?' என்று கேட்டது. இதிலெல்லாமா சந்தேகம் கேட்பார்கள் என்று ஆமாம் போட்டார்.

"முடிஞ்சுது. சனியன் தொலைஞ்சுது."

"உங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்குல்ல?" என்று கத்தரிக்கோலை நிறுத்திக் கேட்டாள் மனைவி.

இருக்கிறதா என்று ஃப்ளாஷ் மென்பொருளைத் திறந்து பார்த்தார். ப்ரீசெட் பட்டியல் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. இழுத்துப் போட்டபோது அவை நகலாகப் போகவில்லை, குடும்பத்தோடு இடம் பெயர்ந்து போயிருந்தன. பதினொரு வருட உழைப்பு போயே போய்விட்டது.

அதைப் பார்த்து அலறுவதற்குள் திரையில் இன்னொரு அறிவிப்பு. 'இந்த ஃபோல்டரில் 312 கோப்புகள் அழிக்கப்பட்டன. பெயர்ப் பட்டியல் பகிர்ந்துகொண்டவர்களுக்கு மெயிலில் அனுப்பப்பட்டது.'

"பட்டியலா?" என்றாள் தங்கை.

"பட்டியல்னா... சும்மா எண்ணிக்கையா இருக்கும்."

"பெயர்ப் பட்டியல்னு போட்டிருக்குண்ணா."

அழித்ததை யாராவது அறிவித்து வைப்பார்களா? வீட்டில் குப்பையைக் கொட்டிவிட்டு, என்னென்ன கொட்டினோம் என்று பக்கத்து வீட்டுக்குச் சீட்டு அனுப்புவது போல இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று ஃப்ளாஷ் பல்லைக் கடித்தார்.

"குப்பைத்தொட்டியில இருக்கும், திரும்ப எடுத்துடலாம்" என்றாள் மனைவி. "மொதல்ல உங்களோடதக் காப்பாத்துங்க."

நல்ல யோசனைதான். ஃப்ளாஷ் குப்பைத்தொட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மீட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டும் பழையபடி அதே ஃபோல்டரில் வந்து உட்கார்ந்தன. கூடவே அறிவிப்பு. '312 கோப்புகள் மீட்கப்பட்டன. பெயர்ப் பட்டியல் பகிர்ந்துகொண்டவர்களுக்கு மெயிலில் அனுப்பப்பட்டது.'

"ரெண்டாவது தடவையா" என்றாள் தங்கை.

"எனக்குத் தெரியுது. நீ ஒண்ணொண்ணா எண்ணாத."

இப்போது ஃப்ளாஷுக்கு ஒரு பெரிய யோசனை தோன்றியது. அவருக்குப் பெரிய யோசனை தோன்றினால் மனைவி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். அன்று அவள் வெட்டுகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. பெயர்தானே பிரச்சினை, பெயரை மாற்றிவிட்டால்? ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு நல்ல பெயர்கள் கண்ணில் பட்டால், மெயிலில் வந்தது ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். மளமளவென்று தட்டச்சு செய்தார். 'சம்பந்தியம்மா – சாந்த சொரூபம்.' 'மாப்பிள்ளை – கூர்மையான பார்வை.' 'மாப்பிள்ளை அக்கா – இயற்கை அழகு.' 'பெரியப்பா – முகத்தில் தேஜஸ்.'

எழுத எழுத அவருக்கே பிடித்துப்போனது. பதினோராவது பெயரை முடித்தபோது தங்கை திரையின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினாள். அங்கே வரிசையாக நின்றது:

'"சம்பந்தியம்மா – சிடுசிடு குறைப்பு" என்பது "சம்பந்தியம்மா – சாந்த சொரூபம்" என மாற்றப்பட்டது. பகிர்ந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.'

'"பெரியப்பா – வழுக்கை வெளிச்சம் 80" என்பது "பெரியப்பா – முகத்தில் தேஜஸ்" என மாற்றப்பட்டது. பகிர்ந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.'

இப்படிப் பதினொன்று.

"அண்ணி, இங்க வந்து பாருங்க" என்றாள் தங்கை. "மொதல்ல திட்டினது மட்டும்தான் தெரிஞ்சுது. இப்ப திட்டிட்டு மழுப்பறோம்னும் தெரிஞ்சுபோச்சு."

மனைவி வந்து பார்த்தாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "கையை அதுலேர்ந்து எடுங்க. கொஞ்ச நேரம் எதையும் தொடாதீங்க. தெரிவிக்காம இருக்கறதுக்கு அதுலயே ஏதாவது வழி இருக்கும்."

வழி இருந்தது. அமைப்புகள் பகுதியில், 'ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் தெரிவி' என்று ஒன்று. அதற்குக் கீழே, 'தனித்தனியாகத் தெரிவிக்காதே' என்று இன்னொன்று. ஃப்ளாஷ் முதல் பாதியைப் படித்ததும் பாய்ந்து இரண்டாவதை அழுத்திவிட்டார். அதன் வால் அடுத்த வரியில் இருந்தது: 'நாளின் அனைத்து மாற்றங்களையும் தொகுத்து ஒரே அட்டவணையாக அனுப்பு.' அழுத்திய உடனே, 'அனுப்பப்பட்டது' என்றும் வந்துவிட்டது.

மூன்று பேரும் அந்த அட்டவணையைப் பார்த்தார்கள். கட்டம் போட்டு, பழைய பெயர் ஒரு பக்கம், புதிய பெயர் ஒரு பக்கம், மாற்றிய நேரம் நிமிடக் கணக்கில் என்று அழகாகத்தான் இருந்தது.

"ஒரு மெயில் போட்டுடறேன்" என்றார் ஃப்ளாஷ்.

"என்னன்னு?"

"தவறுதலா சில கோப்புகள் வந்திருக்கு, தயவுசெஞ்சு திறந்து பார்க்க வேணாம்னு."

"பார்க்காதீங்கன்னு சொன்னா யாராவது பார்க்காம இருப்பாங்களா? நீங்களா இருந்தா பார்க்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அனுப்பிட்டேனே" என்றார் ஃப்ளாஷ்.

தங்கை எழுந்து போய் மாப்பிள்ளைக்கு போன் செய்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்து மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொன்னார்?" என்றாள் மனைவி.

"போட்டோ விஷயமா ஒண்ணு சொல்லணும்னு ஆரம்பிச்சேன். 'அதைப் பத்தி நானே பேசணும்னு இருந்தேன், அம்மாவுக்கு ரொம்ப மனத்தாங்கல், இப்ப பக்கத்துலதான் இருக்காங்க, போன்ல வேணாம்'னு சொல்றார். நாலு மணிக்கு எல்லாருமா இங்க வராங்களாம்."

"எல்லாருமான்னா?"

"அம்மா, அக்கா, பெரியப்பா. எல்லாரும்." மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் அந்த வீட்டுக்குப் பெரியவர். நல்லது கெட்டது எதுவானாலும் அவரை முன்னால் வைத்துத்தான் பேசுவார்கள்.

மணி இரண்டரை. ஃப்ளாஷ் எழுந்து ஸ்டூடியோவுக்குள்ளேயே நடந்தார். குடை விளக்கில் முட்டிக்கொண்டார். "நான் உள்ளே படுத்துக்கறேன். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு" என்றார்.

"பேசாம இருங்க" என்றாள் மனைவி. "இதுக்கு மேல மறைச்சா அசிங்கம். அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடணும். ஒண்ணு விடாம சொல்லி, மன்னிப்புக் கேட்டுடுங்க. அவங்க சொல்லி நாம ஒத்துக்கிட்டா அது வேற. நாமளா சொன்னா அது வேற."

"ஒண்ணு விடாமயா?"

"ஒண்ணு விட்டாலும் அதைத்தான் புடிச்சுப்பாங்க."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "எனக்காகண்ணா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் ஃப்ளாஷுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு காகிதம் எடுத்துப் பதினாறையும் எழுதிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவரைப் போல மனப்பாடம் செய்தார்.

நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். முதலில் சம்பந்தியம்மா, பின்னால் மாப்பிள்ளையின் அக்கா, மாப்பிள்ளை, கடைசியில் பெரியப்பா. வாசலில் செருப்பை விடும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் நுனியில் உட்கார்ந்தார்கள். தங்கை கொண்டுவந்து வைத்த டீயைச் சம்பந்தியம்மா தொடவில்லை. அவள் முகத்தில் எந்த ப்ரீசெட்டாலும் குறைக்க முடியாத அளவுக்குச் சிடுசிடுப்பு ஏறியிருந்தது.

"போட்டோ விஷயம்தான்" என்று ஆரம்பித்தாள். "நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்களையெல்லாம் நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம், சம்பந்தியம்மா" என்று ஃப்ளாஷ் எழுந்து நின்றார். "தப்பு முழுக்க என்மேலதான். நானே சொல்லிடறேன்."

"நீங்களே சொன்னா சரி" என்றாள் சம்பந்தியம்மா.

"சிடுசிடுன்னு எழுதினது நான்தான். ஆனா நீங்க சிடுசிடுன்னு இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல. வாயோரத்துல ரெண்டு மடிப்பு இருக்குல்ல, அதோட நிழல் படத்துல கொஞ்சம் கறுப்பா விழுது. அதைக் குறைக்கத்தான். முதல் தடவை குறைச்சது போதல. அதனாலதான் போதலைன்னு பக்கத்துல எழுத வேண்டியதாப் போச்சு."

சம்பந்தியம்மாவின் கை தன்னையறியாமல் வாயோரத்துக்குப் போனது.

"மச்சான், அது வந்து..." என்றார் மாப்பிள்ளை.

"இருங்க மாப்ள, உங்களுக்குத்தான் வரேன். தூங்குமூஞ்சின்னு போட்டது ரொம்பத் தப்பு. அன்னிக்கு நீங்க பஸ்ல வந்த களைப்பு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதினேன். பதினெட்டுப் படத்துல உங்க கண்ணைத் திறக்க வேண்டியிருந்துச்சு. எரிச்சல்ல எழுதிட்டேன்."

மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். அண்ணன் உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் கண்ணீரோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இதெல்லாம்?" என்று மாப்பிள்ளையின் அக்கா அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"நீங்க கோபப்படறது நியாயம்தான்மா" என்று அவள் பக்கம் திரும்பினார் ஃப்ளாஷ். "பவுடர் மூட்டைங்கறது உங்களைச் சொன்னது இல்ல. ஃப்ளாஷ் அடிச்சா நெத்தி மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வந்துடுது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ரெண்டையும் ஒரே ஆளோடதா ஆக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். மனைவி பின்னாலிருந்து, "மன்னிப்பு, மன்னிப்பு" என்று முணுமுணுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க. பெரியப்பா, நீங்களும்தான். வழுக்கைன்னு எழுதியிருக்கக் கூடாது. எண்பதுன்னா அது வழுக்கையோட அளவு இல்ல, வெளிச்சத்தோட அளவு. பின்வரிசையில நின்னீங்க பாருங்க, அங்க நீங்க எங்க நின்னாலும் விளக்கு ஒண்ணு கூட இருக்கற மாதிரியே விழுந்துச்சு."

ஃப்ளாஷ் நிறுத்தவில்லை. காகிதத்தைப் பார்க்காமலேயே பதினாறையும் சொன்னார். 'சித்தப்பா – வெத்தலைப் பல்' வந்தது. 'மாப்பிள்ளை நண்பன் – சட்டை கண் கூசுது' வந்தது. கேட்காமலேயே சொல்லிவிட்டால் நல்லது என்று, ஃபோல்டரில் போகாமல் மனதில் மட்டும் வைத்திருந்த ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, அழித்ததும் நான்தான், மீட்டதும் நான்தான், சாந்த சொரூபம் என்று மாற்றி உங்களை ஏமாற்றப் பார்த்ததும் நான்தான் என்றார்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. இனிமே உங்க வீட்டுக்குள்ளயே என்னை விட வேணாம்னாலும் சரி. ஆனா என் தங்கச்சிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ உங்க எல்லார் மேலயும் உயிரையே வச்சிருக்கா. இதை மனசுல வச்சுக்கிட்டு அவளை வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க." சொல்லிவிட்டு ஃப்ளாஷ் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அக்கா நெற்றியை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். மாப்பிள்ளை கண்களை இயன்ற வரை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா ஒருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

இதுவரை வாயைத் திறக்காமல் இருந்த பெரியப்பா தலையில் போட்டிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, எங்க வீட்டு மெயில் என் போன்லதான் வருது. மூணு வாரத்துக்கு முன்னாடி நீங்க அனுப்பின லிங்க்கை ஏதோ திருட்டு லிங்க்னு நெனச்சு அன்னிக்கே அழிச்சுட்டு, உங்க மெயில் ஒண்ணுமே வராதபடி தடுத்தும் வச்சிட்டேன். ஊருக்கெல்லாம் போட்டோ குடுக்கறவர் எங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் குடுக்கலைன்னு கேக்கத்தான் வந்தோம்."